அணைக்கப்பட்ட சின்னச் சுடர்

எரிவாயு அடுப்பு பிறந்தபோது அதற்கும் மின்சாரத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷார்ப் 1826-இல் தன் அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே ஜான் வாக்கர் தன் மருந்துக்கடையில் உரசினால் பற்றும் தீக்குச்சிகளை விற்கத் தொடங்கினார். அடுப்பைப் பற்றவைக்க அந்தக் குச்சி போதும். வீடுகளில் மின்விளக்கு எரிய இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

ஒவ்வொரு வேளையும் குச்சி கிழிக்கும் வேலையை ஒழித்தது ‘பைலட்’ எனும் சின்னச் சுடர். அமெரிக்க வீடுகளில் அது இரவும் பகலும் அணையாமல் எரிந்தது. திருகைத் திறந்தால் பெரிய பர்னர் அதிலிருந்து தானே பற்றிக்கொள்ளும். சரி, சுடர் அணைந்துபோனால் வாயு கசியாதா? அதற்குத்தான் தெர்மோகப்பிள் வந்தது. இரண்டு உலோகங்கள் சேரும் முனையைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும் என்ற விளைவை ஜெர்மானியரான சீபெக் 1821-லேயே கண்டிருந்தார். சுடரின் சூட்டில் பிறக்கும் சில மில்லிவோல்ட் மின்சாரம் ஒரு சிறு காந்தத்தை இயக்கி வால்வைத் திறந்து வைத்திருக்கும். சுடர் அணைந்து முனை ஆறியதும் வால்வு மூடிக்கொள்ளும். தன் காவலுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் நெருப்பிலிருந்தே எடுத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை அடுப்பு வரலாற்றின் உச்சம் என்றே சொல்லலாம்.

1973-இன் எண்ணெய் நெருக்கடி அந்தச் சுடரை வேறு கண்ணால் பார்க்க வைத்தது. சமைக்காத நேரமெல்லாம் எரிவது வீண்தானே! 1990 ஜனவரி 1 முதல், மின்கம்பியோடு விற்கும் அடுப்புகளில் பைலட் கூடாது என்றது அமெரிக்கச் சட்டம். 2012 ஏப்ரலில் மின்கம்பி இல்லாத அடுப்புகளுக்கும் அதே விதி வந்தது.

இந்த அடுப்புகளின் கீழ்ப்பகுதியில் உள்ள ஓவன்கள் பலவற்றில் சுடரின் இடத்தைப் பிடித்தது, மின்சாரத்தால் பழுக்கக் காயும் ஒரு தண்டு. அதன் வழியே போதிய மின்னோட்டம் பாய்ந்தால்தான் வாயு வால்வே திறக்கும். கரண்ட் போனால் மேலே உள்ள பர்னர்களைப் பெரும்பாலும் குச்சியால் பற்றவைத்துவிடலாம், ஓவனை முடியாது. வாயு இருந்தும் ரொட்டி வேகாது.

நம் ஊர்ச் சமையலறை இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. 1950-களில் பம்பாயிலும், 1965-இல் இண்டேன் பெயரில் கல்கத்தாவிலும் சிலிண்டர் அறிமுகமான நாளிலிருந்து நமக்கு வாய்த்தது இரட்டை பர்னர் அடுப்பும் தீப்பெட்டியும்தான். பிறகு லைட்டர் வந்தது. விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி பீங்கான் துண்டில் அறைய, ஆயிரக்கணக்கான வோல்ட்டில் பொறி பறக்கிறது. அழுத்தம் மின்சாரமாகும் இந்த விந்தையைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். 2018-இல் கஜா புயல் டெல்டாவின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. உலை வைக்க இந்த அடுப்புக்கு அது தேவைப்படவும் இல்லை.

இப்போது மேடையில் பதிக்கும் கண்ணாடி அடுப்புகளும் எரிவாயு ஓவன்களும் இங்கேயும் விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவர்கள் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, ஒவ்வொரு பர்னரையும் ஓவனையும் பற்றவைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். பேட்டரியில் பொறி தருபவையும், தெர்மோகப்பிள் காவல் உள்ளவையும் கிடைக்கின்றன.