சுருதிப்பெட்டிக் குமிழ்

சுருதிப்பெட்டிக் குமிழ் என்பது மின்னணுச் சுருதிப்பெட்டி, மின்னணுத் தம்புரா ஆகியவற்றில் சுருதியையும் ஒலியளவையும் ஏற்றி இறக்க விரலால் திருகும் கைப்பிடி. கடையில் ‘நாப்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். கருவியின் விலையில் இதன் பங்கு அற்பம். ஆனால் பாடுகிறவரின் கை அந்தக் கருவியில் அதிகம் படுவது இதன்மேல்தான்.

பிருடையும் மணியும்

சுருதி சேர்க்கும் உறுப்புகளின் வரலாறு யாழிலிருந்து தொடங்குகிறது. யாழின் கோட்டில் நரம்புகளை இறுக்கிக் கட்டிய வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர். திவவை மேலும் கீழும் நகர்த்தி நரம்பை வலித்தும் மெலித்தும் இசை கூட்டினார்கள்.

வீணையிலும் தம்புராவிலும் திருகித்தான் சுருதி கூட்டுவார்கள். தண்டில் துளையிட்டுச் செருகிய, நுனி சிறுத்த மரமுளை பிருடை எனப்படும். தெலுங்கில் பிரடா என்றால் தக்கை, அடைப்பான் என்றும் பொருள். பிருடை நிற்பது வெறும் உராய்வால். மழைக்காலத்தில் ஊறி இறுகும். வெயிலில் காய்ந்து வழுக்கும். வழுக்கினால் சாக்கட்டி தடவுவார்கள். கைக்குப் பிடிமானம் வேண்டும் என்பதற்காகத் தலையை அகலமாகக் கடைந்தார்கள்.

தம்புராவின் நான்கு தந்திகளுக்கு (பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம்) நான்கு பிருடைகள். பிருடையைக் கொஞ்சம் திருகினாலே சுருதி நிறைய நகர்ந்துவிடும். அதனால் குதிரைக்குப் பின்னால் தந்தியில் மணி கோத்திருப்பார்கள். மணியைத் தள்ளினால் சுருதி இம்மியளவே ஏறும், இறங்கும். முதலில் பிருடை, பிறகு மணி, கடைசியில் குதிரைமேல் ஜீவாளி நூல் என்பதே தம்புரா கூட்டும் வரிசை. பெரிய நகர்வுக்கு ஒன்று, சிறிய நகர்வுக்கு ஒன்று என்ற இந்தப் பிரிவினை மின்னணுக் கருவிகளிலும் உண்டு.

துருத்தியால் ஒலிக்கும் பழைய சுருதிப்பெட்டியில் திருகுவது எதுவும் கிடையாது. நாக்குகளின் துளையைத் திறந்து மூடுவதோடு சரி. ஆனால் சுருதிக்கு எண் தந்தது அதன் உறவினரான ஆர்மோனியம். அதன் மரக்கட்டைகளை எண்ணியே ‘ஒரு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்ற பேச்சு வந்தது.

வானொலிக் குமிழ்

சென்னையில் 1924இல் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930இல் மாநகராட்சி அதை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. குமிழ் திருகும் பழக்கம் தமிழ் வீடுகளில் பரவியதில் வானொலிக்குப் பங்கு உண்டு. வால்வு வானொலிகளின் குமிழ்கள் பெரும்பாலும் பேக்கலைட்டால் ஆனவை. வேதியியலாளர் பேக்லண்டு 1907இல் உருவாக்கிய அந்தப் பொருள் சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாது. நிலையம் பிடிக்கும் குமிழிலிருந்து ஒரு நூல் உருளைகளைச் சுற்றிப் போய் முள்ளை இழுக்கும். நூல் அறுந்தால் குமிழ் சுற்றும், முள் நகராது. எல்லா நூலும் இதற்கு உதவாது. இழுபட்டு நீளாத நூலாக இருக்க வேண்டும்.

மின்மாற்றி இல்லாத சில வானொலிகளில் அடிச்சட்டத்திலேயே வீட்டு மின்சாரம் பாயும். குமிழைத் தண்டோடு பிடிக்கும் சிறு திருகாணியைத் தொட்டாலும் அதிர்ச்சி அடிக்கும் என்பதால் அந்தத் துளையை மெழுகால் அடைத்தே விற்றார்கள்.

மின்னணுச் சுருதிப்பெட்டி

பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் இசைக்கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கி, அதே ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியில் காட்சிக்கு வைத்தார். தந்தி போய் மின்சுற்று வந்தது. பிருடையின் வேலை குமிழுக்கு வந்தது.

தேர்வு

குமிழ் திருப்பும் சாதாரண மின்தடைக் கட்டுப்பாடு ஏறத்தாழ 270 பாகை சுற்றும். ஒரு ஸ்தாயி முழுவதையும் அதில் அடக்கினால் ஒரு கட்டைக்கும் அடுத்த அரைக்கட்டைக்கும் இடையே 22.5 பாகைதான் கிடைக்கும். குமிழின் குறுக்களவு 12 மி.மீ. என்றால் ஒரு பாகைக்கு அதன் விளிம்பு நகர்வது 0.1 மி.மீ.; விரலுக்கு அது பிடிபடாது. 40 மி.மீ. குமிழில் அது 0.35 மி.மீ. ஆகும். சுருதிக் குமிழ் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு அழகு காரணமல்ல.

அதைவிட நல்லது, 30 பாகைக்கு ஒரு நிலையாகப் பன்னிரண்டு நிலைகளில் ‘டக் டக்’ என்று நிற்கும் சுழல் சுவிட்சைக் கட்டைக்கு வைத்து, பக்கத்தில் நுண்சுருதிக்குத் தனிக்குமிழ் வைப்பது. வழுக்கிக்கொண்டே போகும் ஒற்றைக் குமிழை விரும்புகிறவர்கள் உண்டு. கச்சேரி நடுவே கை பட்டுச் சுருதி விலகும்போது அவர்களும் மனம் மாறுவார்கள். சுற்றிலும் எண் பொறிக்கும்போது கவனம் தேவை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கருங்கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை கிடையாது. ஏழரையும் கிடையாது, அது சனிக்கு மட்டும்.

ஒலியளவுக்கு மடக்கை வகைக் கட்டுப்பாடே ஏற்றது. நேர்வகையைப் போட்டால் முதல் கால் திருகிலேயே சத்தம் முழுவதும் வந்துவிட்டது போலிருக்கும். மீதி முக்கால் வீண்.

குமிழ் மாட்டும் தண்டின் அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 6 மி.மீ. தண்டும் 6.35 மி.மீ. (கால் அங்குல) தண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெரிய துளைக் குமிழைச் சிறிய தண்டில் மாட்டினால் ஆடும். சிறிய துளைக் குமிழ் பெரிய தண்டில் ஏறவே ஏறாது. முழு உருண்டைத் தண்டில் திருகாணி நாளடைவில் தளர்ந்து, குமிழ் மட்டும் சுற்றத் தொடங்கும். ஒரு பக்கம் சீவிய தண்டில் அந்தத் தொல்லை இல்லை. பல்வெட்டுத் தண்டுக்குப் பதினெட்டுப் பல் குமிழா என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். உலோகக் குமிழ் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் தண்டு சரியாகப் புவியிணைப்புப் பெறாவிட்டால் கை வைத்ததும் ‘ம்ம்’ என்று இரையும். சுருதிக்குள்ளே இன்னொரு சுருதி யாருக்கும் வேண்டாம்.

பயன்படும் இடமும் தேர்வைத் தீர்மானிக்கும். திருத்தணி முருகன் கோயிலில் டிசம்பர் 31 இரவு நடக்கும் படித் திருவிழாவில் 365 படிகளையும் பாடிக்கொண்டே ஏறுவார்கள். இருட்டு, பனி, நெரிசல். அப்படிப்பட்ட இடத்துக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் பெட்டியில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ் அடுத்தவர் துணி உரசியே திரும்பிவிடும். தட்டையான, பெட்டிக்குள் சற்றே அமிழ்ந்த கறுப்புக் குமிழும், அதில் தடித்த வெள்ளைக் கோடும் போதும். கோடு வெறும் சாயமாக இல்லாமல் பள்ளமாக வெட்டியிருந்தால் விரலே நிலையைப் படித்துக்கொள்ளும்.

இன்றைய நிலை

இப்போது பொத்தான்களும் கைப்பேசிச் செயலிகளும் வந்துவிட்டன. பழைய பெட்டிக்கு மாற்றுக் குமிழ் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்கும். வாங்கப் போகிறவர் உடைந்த குமிழோடு தண்டின் அளவையும் குறித்துக்கொண்டு போக வேண்டும்.