147573952589676412927

147573952589676412927 என்பது 21 இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண். இது 2⁶⁷ − 1 என்பதன் மதிப்பாகும். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பகா எண் என்று கருதப்பட்டு, பின்னர் பகு எண் என நிறுவப்பட்டதால் எண் கோட்பாட்டின் வரலாற்றில் இது இடம்பெற்றது.

மெர்சென்னின் பட்டியல்

2ⁿ − 1 வடிவிலான எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால், n பகா எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. எடுத்துக்காட்டாக, 11 பகா எண்; எனினும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

பிரெஞ்சுத் துறவியும் கணிதவியலாளருமான மரின் மெர்சென் 1644 இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். 257 வரையிலான n மதிப்புகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே 2ⁿ − 1 பகா எண்ணாகும் என்பது அவரது கூற்று. இதற்கு அவர் நிறுவல் தரவில்லை. இவ்வளவு பெரிய எண்களை அக்காலத்தில் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

காரணி தெரியாமலே கிடைத்த விடை

1876 இல் பிரான்சின் எடுவார்ட் லூக்கா, 2⁶⁷ − 1 பகா எண் அன்று எனக் காட்டினார். அவரது முறையை 1930 இல் டி. எச். லேமர் எளிமைப்படுத்தினார். அதன்படி 4 இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எண்ணை வர்க்கப்படுத்தி 2 ஐக் கழித்து, 2⁶⁷ − 1 ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 65 முறை செய்த பின் மீதி சுழியானால் அது பகா எண். இல்லையேல் பகு எண். இச்சோதனை எண்ணின் காரணிகள் எவை என்று சொல்வதில்லை.

கோல் கண்ட காரணிகள்

1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் அக்காரணிகளை வெளியிட்டார்:

193707721 × 761838257287 = 147573952589676412927

2⁶⁷ − 1 இன் பகாக் காரணி எதுவும் 134k + 1 வடிவில் இருக்கும்; 8 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரும். சிறிய காரணியில் k = 1445580. இவ்விரு நிபந்தனைகளுக்கும் உட்பட்டு அதுவரை வரும் எண்களே 7 லட்சத்துக்கும் மேல். எனவே கோல் இருபடி எச்சங்களைப் பயன்படுத்தித் தேடலைச் சுருக்கினார்.

கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் இரு பக்கங்களையும் கணக்கிட்டுக் காட்டி அமர்ந்தார் என்றும், இதற்கு மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டார் என்றும் கணித வரலாற்று எழுத்தாளர் ஈ. டி. பெல் எழுதியுள்ளார்.

பட்டியலின் பிழைகள்

மெர்சென்னின் பட்டியலில் 67, 257 ஆகியவை தவறாகச் சேர்ந்திருந்தன. 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. 61 என்பதே 67 எனப் பிழையாக அச்சாகியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

முக்கியத்துவம்

ஓர் எண் பகு எண் என்று அறிவதும், அதன் காரணிகளைக் காண்பதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இவ்வெண் ஓர் எடுத்துக்காட்டு. லூக்காவின் முடிவுக்கும் கோலின் விடைக்கும் இடையே 27 ஆண்டுகள் கழிந்தன. ஆனால் கோலின் பெருக்கலைச் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். 1977 இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறையின் பாதுகாப்பும் இதே வேறுபாட்டையே சார்ந்துள்ளது: பெருக்குவது எளிது, காரணிப்படுத்துவது கடினம். இன்று 21 இலக்க எண்ணைக் கணினி நொடிப்பொழுதில் காரணிப்படுத்திவிடும் என்பதால், ஆர்.எஸ்.ஏ. முறையில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்கள் பயன்படுகின்றன.