பூனைகளில் நீரிழிவு நோய்

பூனைகளில் நீரிழிவு நோய் என்பது வீட்டுப் பூனையின் உடலில் இன்சுலின் போதிய அளவு சுரக்காமையாலோ, சுரக்கும் இன்சுலினுக்கு உடல் உயிரணுக்கள் உரியவாறு துலங்காமையாலோ, குருதியில் குளுக்கோசின் அளவு தொடர்ந்து உயர்ந்திருக்கும் ஒரு நாட்பட்ட வளர்சிதைமாற்ற நோய் ஆகும். நடுத்தர வயதையும் முதுமையையும் அடைந்த பூனைகளைத் தாக்கும் நாளமில்லாச் சுரப்பி நோய்களுள் இது முதன்மையான ஒன்று. சில நூறு பூனைகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்நோய் காணப்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

நோய் கண்டறியப்பட்ட பூனைக்கான சிகிச்சையின் பெரும்பகுதி மருத்துவமனையில் அன்றி வீட்டிலேயே நடைபெறுகிறது. நாள்தோறும் இருவேளை இன்சுலின் ஊசி, உணவுக் கட்டுப்பாடு, குருதிச் சர்க்கரைக் கண்காணிப்பு ஆகியன பூனையை வளர்ப்பவரின் பொறுப்பில் அமைகின்றன. தொடக்கத்திலேயே முறையான சிகிச்சை பெறும் பூனைகளுள் பல, சில மாதங்களில் இன்சுலின் இன்றியே வாழும் நிலையை எட்டுகின்றன. இதனால் முதற்சில மாதங்கள் சிறப்பு முக்கியத்துவம் பெறுகின்றன.

நோயின் தன்மை

கணையத்திலுள்ள லங்கர்கான் திட்டுகளின் பீட்டா உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. பூனைகளில் காணப்படும் நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. முதலில் உடலில் இன்சுலின் எதிர்ப்பு தோன்றுகிறது. அதனை ஈடுசெய்ய மிகுதியாக உழைக்கும் பீட்டா உயிரணுக்கள் நாளடைவில் வலுவிழக்கின்றன. இன்சுலினுடன் சேர்ந்து சுரக்கும் அமைலின் என்னும் பொருள் திட்டுகளில் அமைலாய்டாகப் படிவதும் உண்டு.

உயர்ந்த குருதிச் சர்க்கரையே பீட்டா உயிரணுக்களின் செயலை மேலும் ஒடுக்குகிறது. இது குளுக்கோசு நச்சுத்தன்மை எனப்படும். இந்த ஒடுக்கம் தொடக்க நிலையில் மீளக்கூடியது. நீடித்தால் உயிரணுக்கள் நிலையாக அழிகின்றன. சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம். நாய்களின் நீரிழிவு இதனின்று வேறுபட்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் இன்சுலின் தேவைப்படுகிறது.

காரணிகள்

பின்வருவன நோய் தோன்றும் வாய்ப்பைக் கூட்டுகின்றன:

* உடற்பருமன். இதுவே மாற்றக்கூடிய காரணிகளுள் முதன்மையானது.
* ஏழு வயதுக்கு மேற்பட்ட வயது.
* விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண் பூனையாக இருத்தல்.
* வீட்டினுள்ளேயே அடைந்து, ஓடியாடாமல் வாழ்தல்.
* பிரெட்னிசோலோன் போன்ற குளுக்கோகார்ட்டிகாய்டு மருந்துகளும் மெகெசுட்ரோல் போன்ற புரோசெசுட்டின் மருந்துகளும்.
* மரபுக் கூறு. ஆத்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளில் பர்மியப் பூனை இனத்தில் இந்நோய் மிகுதி.
* கணைய அழற்சி.
* வளர்ச்சி இயக்குநீர் மிகைப்பு. இன்சுலினின் அளவைக் கூட்டிய பின்னும் சர்க்கரை குறையாத பூனைகளில் இதற்கான ஆய்வு செய்யப்படுகிறது.

அறிகுறிகள்

குருதிச் சர்க்கரை ஏறத்தாழ 250 மில்லிகிராம்/டெசிலீட்டரைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் குளுக்கோசு முழுவதையும் மீள உறிஞ்ச இயலாது போகிறது. சிறுநீரில் வெளியேறும் குளுக்கோசு தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்கிறது. இதனால் பின்வரும் அறிகுறிகள் தோன்றுகின்றன:

* அடிக்கடியும் மிகுதியாகவும் சிறுநீர் கழித்தல்
* இழந்த நீரை ஈடுசெய்ய மிகுதியாக நீர் அருந்துதல்
* பசி மிகுதல்
* நன்கு உண்டும் உடல் மெலிதல்
* மயிரின் பளபளப்பு மங்குதல், சோர்வு

சில பூனைகளில் பின்னங்கால் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. அப்பூனைகள் விரல்களால் நடக்காமல், கணுக்கால் தரையில் படும்படி நடக்கின்றன. சர்க்கரை கட்டுப்பட்டால் இந்நிலை பல மாதங்களில் சீரடையலாம். நீரிழிவுற்ற நாய்களில் பரவலாகக் காணப்படும் கண்புரை பூனைகளில் அரிது.

நோயறிதல்

அறிகுறிகளுடன், குருதியில் உயர்ந்த குளுக்கோசும் சிறுநீரில் குளுக்கோசும் காணப்படுவதைக் கொண்டு நோய் உறுதி செய்யப்படுகிறது. பூனையைப் பொறுத்தவரை ஒரேயொரு குருதிச் சோதனை போதாது. கூண்டில் அடைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் அச்சத்தினாலேயே நலமான பூனையின் குருதிச் சர்க்கரையும் வெகுவாக உயரக்கூடும். எனவே பிரக்டோசமைன் சோதனையும் செய்யப்படுகிறது. குருதிப் புரதங்களுடன் குளுக்கோசு இணைந்து உருவாகும் இப்பொருள், முந்தைய ஒன்று முதல் மூன்று வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும். தற்காலிக அச்சத்தால் உயர்வதில்லை. சிறுநீர்த் தொற்று, சிறுநீரக நோய், தைராய்டு மிகைப்பு, பல், ஈறு நோய்கள் ஆகியனவும் உடன் ஆராயப்படுகின்றன.

சிகிச்சை

அறிகுறிகளை நீக்குவதும், சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையாமல் காப்பதும், இயலுமாயின் நோய்த்தணிவை எட்டுவதும் சிகிச்சையின் நோக்கங்கள் ஆகும்.

இன்சுலின்

பூனைகளுக்குப் பெரும்பாலும் கிளார்சின், புரோட்டமின் துத்தநாக இன்சுலின், பன்றியிலிருந்து பெறப்படும் லெண்டே இன்சுலின் ஆகியன பயன்படுத்தப்படுகின்றன. இவை 12 மணி நேரத்திற்கு ஒருமுறை தோலுக்கு அடியில் செலுத்தப்படுகின்றன. அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். பெரும்பாலான பூனைகளுக்கு வேளைக்கு 1 அலகு என்ற அளவில் தொடங்குவது வழக்கம். ஒவ்வோர் அளவு மாற்றத்திற்குப் பின்னும் அதன் முழு விளைவு தெரியச் சில நாட்கள் ஆகும். ஆகவே ஒருநாள் சர்க்கரை கூடியிருப்பதைக் கண்டு உடனே அளவைக் கூட்டுதல் தவறானது. சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்தால் மட்டும் காத்திராமல் மருத்துவரைக் கலந்து அளவைக் குறைக்க வேண்டும்.

இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும், உறையவிடலாகாது. கிளார்சின் தெளிந்த நீர்மம். அது கலங்கியிருந்தால் பயன்படுத்தக் கூடாது. ஏனைய இரண்டும் கலங்கிய நீர்மங்களாதலால், உற்பத்தியாளர் குறிப்பில் உள்ளவாறு சீராகக் கலக்கிய பின்னரே எடுக்க வேண்டும்.

ஊசிக்குழலும் இன்சுலின் செறிவும்

இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலீட்டரில் 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல் உண்டு. கிளார்சின் பெரும்பாலும் 100 அலகுச் செறிவில் கிடைப்பது. பூனைகளுக்கெனத் தயாரிக்கப்படும் புரோட்டமின் துத்தநாக இன்சுலினும் லெண்டே இன்சுலினும் 40 அலகுச் செறிவுடையவை. இந்தியாவில் இரு வகை ஊசிக்குழல்களும் மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றன. அங்கு 40 அலகுக் குழலுக்குச் சிவப்பு மூடியும் 100 அலகுக் குழலுக்குச் செம்மஞ்சள் மூடியும் இருப்பது வழக்கம்.

குழல் மாறினால் அளவு மாறிவிடும். 40 அலகுக் குழலில் 2 என்ற கோடு வரை உள்ள நீர்மம் 0.05 மில்லிலீட்டர் ஆகும். அதில் 100 அலகுச் செறிவுள்ள மருந்தை எடுத்தால், பூனையின் உடலில் 2 அலகுக்கு மாறாக 5 அலகு சேரும். நான்கு கிலோகிராம் எடையுள்ள ஒரு பூனைக்கு இம்மிகை உயிருக்கே இடர் விளைக்கக்கூடும். மாறாக, 100 அலகுக் குழலில் 2 என்ற கோடு வரை 40 அலகுச் செறிவுள்ள மருந்தை எடுத்தால் 0.8 அலகே சேரும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியிலும் குழலிலும் உள்ள எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா எனப் பார்த்தல் இன்றியமையாதது.

ஊசி போடும் முறை

* பூனை வழக்கம்போல் உண்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். உண்ணாத பூனைக்கு வழக்கமான முழு அளவைச் செலுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.
* குழலில் காற்றுக் குமிழி இல்லாதவாறு மருந்தை எடுக்க வேண்டும்.
* விலாப்புறத்திலோ மார்பின் பக்கவாட்டிலோ தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, மடிப்பின் அடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். இடத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுதல் நன்று.
* மயிர் நனைந்திருந்தால் மருந்து உள்ளே செல்லாமல் வெளியில் சிந்தியிருக்கலாம். அவ்வாறு சிந்தினாலும், ஊசி போடப்பட்டதா என்ற ஐயம் எழுந்தாலும், மீண்டும் செலுத்தலாகாது. ஒரு வேளை தவறுவதால் நேரும் தீங்கைவிட இருமடங்கு செலுத்துவதால் நேரும் தீங்கு பெரிது.
* வீட்டில் பலர் இருப்பின், ஊசி போட்டவர் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் இத்தகைய ஐயத்தைத் தவிர்க்கும்.

வாய்வழி மருந்துகள்

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் பெக்சாகிலிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023 ஆகஸ்டில் வெலாகிலிஃப்ளோசின் நீர்மத்திற்கும் ஒப்புதல் அளித்தது. இவை சிறுநீரகம் குளுக்கோசை மீள உறிஞ்சுவதைத் தடுத்து, அதனைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. முன்னர் இன்சுலின் பெறாத, மற்றபடி நலமான பூனைகளுக்கென இவை ஒப்பளிக்கப்பட்டன. நாளொன்றுக்கு ஒருமுறை கொடுத்தால் போதுமானது. ஆயினும் குருதிச் சர்க்கரை இயல்பாகத் தோன்றும் நிலையிலேயே கீட்டோன் அமிலத்தேக்கம் ஏற்படக்கூடிய இடர் இவற்றில் உண்டு. ஆதலால் தொடக்க வாரங்களில் கீட்டோன் சோதனை கட்டாயமாகும். பழைய மருந்தான கிளிபிசைடு சில பூனைகளில் மட்டுமே பயனளிக்கிறது.

உணவு

பூனை கட்டாய ஊனுண்ணி. அதன் உடல் புரதத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் ஆற்றல் பெறுமாறு அமைந்தது. எனவே புரதம் மிகுந்தும் மாவுச்சத்து குறைந்தும் உள்ள உணவு பரிந்துரைக்கப்படுகிறது. உணவின் ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காட்டிற்குக் குறைவாக இருப்பது நன்று. உலர் உணவைவிடத் தகரக்குவளை ஈர உணவு பொதுவாக இதற்கு ஏற்றது. அதிலுள்ள நீரும் பயன் தரும். தமிழகத்திலும் இலங்கையிலும் பூனைக்குச் சோற்றுடன் பாலோ மீனோ பிசைந்து இடும் வழக்கம் உண்டு. நீரிழிவுற்ற பூனைக்கு இவ்வுணவில் மாவுச்சத்து மிகுதி.

உணவை மாற்றுவதில் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. முதலாவது, மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் தேவையும் சில நாட்களிலேயே குறையலாம். ஏற்கனவே இன்சுலின் பெறும் பூனையின் உணவை மருத்துவர் அறியாமல் மாற்றினால் சர்க்கரை இடருறும் அளவிற்குத் தாழக்கூடும். இரண்டாவது, பருத்த பூனையைப் பட்டினி போடலாகாது. சில நாட்கள் உண்ணாத பூனைக்குக் கொழுப்புக் கல்லீரல் நோய் தோன்றி உயிரைப் பறிக்கலாம். எடை படிப்படியாகவே குறைய வேண்டும். சிறுநீரக நோய் உள்ள பூனைக்கு உணவுத் தேர்வு வேறுபடும்.

வீட்டில் கண்காணித்தல்

நாள்தோறும் அருந்தும் நீர், உண்ணும் அளவு, மணல்தட்டில் நனையும் மணற்கட்டிகள், வாரந்தோறும் உடல் எடை ஆகியவற்றைக் குறித்து வருவது எளிமையானதும் பயன் மிக்கதுமான கண்காணிப்பாகும். தாகம் குறைந்து எடை நிலைபெறுவது சிகிச்சை பலனளிப்பதைக் காட்டும்.

குருதிச் சர்க்கரையைக் காதுமடலின் விளிம்பில் நுண்ணூசியால் குத்தி எடுக்கும் ஒரு துளியைக் கொண்டு அளவிடலாம். காதைச் சற்றுச் சூடாக்கினால் துளி எளிதில் வரும். மனிதரின் குருதியில் குளுக்கோசின் கணிசமான பகுதி செவ்வணுக்களில் உள்ளது. பூனையில் பெரும்பகுதி குருதிநீர்மத்தில் உள்ளது. இதனால் மனிதருக்கான கருவிகள் பூனையில் உண்மையளவைவிடக் குறைத்துக் காட்டுவது வழக்கம். விலங்குகளுக்கென அளவு திருத்திய கருவிகளும் உள்ளன. எதைப் பயன்படுத்தினாலும் கருவியை அடிக்கடி மாற்றாதிருத்தல் வேண்டும்.

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, 12 மணி நேரம் எடுக்கப்படும் அளவுகளின் வரைபடம் குளுக்கோசு வளைகோடு எனப்படும். அதன் தாழ்ந்த புள்ளி ஏறத்தாழ 80 முதல் 150 மில்லிகிராம்/டெசிலீட்டர் வரை இருப்பது விரும்பத்தக்கது. சில நாடுகளில் அளவுகள் மில்லிமோல்/லீட்டரில் குறிக்கப்படும். அதனை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம்/டெசிலீட்டர் கிடைக்கும். மனிதருக்கெனத் தயாரிக்கப்பட்ட, தோலில் ஒட்டிவைக்கும் தொடர் உணரிகளும் பூனைகளுக்குப் பயன்படுத்தப்படுகின்றன.

குருதிச் சர்க்கரைக் குறைவு

சிகிச்சையின்போது நேரக்கூடிய உடனடி இடர் இதுவே. சர்க்கரை 60 மில்லிகிராம்/டெசிலீட்டருக்குக் கீழ் செல்லும்போது தளர்ச்சி, தள்ளாட்டம், நடுக்கம், திடீர்ப் பசி, கண்மணி விரிதல், வலிப்பு, உணர்விழத்தல் ஆகியன தோன்றலாம். சில பூனைகள் அறிகுறி ஏதுமின்றி ஒதுங்கிப் படுத்திருக்கும்.

உணர்வுடன் இருக்கும் பூனைக்கு உடனே உணவளிக்க வேண்டும். உண்ண மறுத்தால் குளுக்கோசுக் கரைசல், சர்க்கரைப் பாகு, தேன் ஆகியவற்றுள் ஒன்றை ஈறுகளில் தடவ வேண்டும். வலிப்புற்ற பூனையின் வாயில் நீர்மத்தை ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் புகலாம். விரலைப் பற்களுக்கிடையில் நுழைப்பதும் தவறு. முதலுதவிக்குப் பின் தேறினாலும் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். செலுத்திய இன்சுலின் பல மணி நேரம் தொடர்ந்து செயற்படுவதால் சர்க்கரை மீண்டும் தாழக்கூடும்.

கீட்டோன் அமிலத்தேக்கம்

இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பைச் சிதைத்துக் கீட்டோன்களை உருவாக்குகிறது. அவை மிகுந்தால் குருதி அமிலத்தன்மை அடைகிறது. உணவை மறுத்தல், வாந்தி, கடுஞ்சோர்வு, உடலில் நீர் வற்றுதல், விரைந்த மூச்சு ஆகியன இதன் அறிகுறிகள். சிறுநீரில் கீட்டோன் இருப்பதைச் சோதனைப் பட்டையால் வீட்டிலேயே அறியலாம். இது மருத்துவமனையில் சிரைவழி நீர்மமும் இன்சுலினும் அளித்துக் காக்க வேண்டிய நெருக்கடி நிலை. வீட்டில் சிகிச்சை செய்ய இயலாது.

நோய்த்தணிவு

குறைந்தது நான்கு வாரங்கள் இன்சுலின் இன்றி, அறிகுறிகளும் இன்றி, குருதிச் சர்க்கரை இயல்பாக இருப்பது நோய்த்தணிவு எனப்படும். கிளார்சினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொண்டு, வீட்டில் நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்ட 55 பூனைகள் குறித்து ரூம்ப், ராண்டு ஆகியோரின் ஆய்வு 2009 ஆம் ஆண்டு வெளியானது. நோய் கண்டறியப்பட்ட ஆறு மாதங்களுக்குள் இம்முறையைத் தொடங்கிய பூனைகளுள் 84 விழுக்காடும், அதற்குப் பின் தொடங்கியவற்றுள் 35 விழுக்காடும் தணிவை எட்டின. ஏனைய ஆய்வுகளில் இவ்விகிதம் பெரிதும் வேறுபடுகிறது. தணிவு என்பது குணமடைதல் அன்று. எடை கூடினாலோ குளுக்கோகார்ட்டிகாய்டு மருந்து கொடுக்கப்பட்டாலோ நோய் மீளலாம். எனவே உணவுக் கட்டுப்பாடும் அவ்வப்போது சர்க்கரை அளவிடுதலும் தொடர வேண்டும்.

வளர்ப்பவர் மீதான சுமை

நாளுக்கு இருமுறை குறித்த நேரத்தில் ஊசி போடுவது வேலை நேரத்தையும் வெளியூர்ப் பயணத்தையும் கட்டுப்படுத்துகிறது, செலவும் உண்டு. பல நாடுகளின் கால்நடை மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஒரு கணிப்பின்படி, நீரிழிவு கண்டறியப்பட்ட நாய், பூனைகளுள் ஏறத்தாழ பத்தில் ஒன்று அந்நிலையிலேயே கருணைக்கொலை செய்யப்படுகிறது. மேலும் பத்தில் ஒன்று ஓராண்டுக்குள் அவ்வாறு இறக்கிறது. முதல் நாளிலேயே ஊசி போடும் முறையை மருத்துவர் செய்து காட்டி, வளர்ப்பவரையும் தம் முன்னிலையில் செய்யச் சொல்வது இந்த அச்சத்தைப் பெரிதும் குறைக்கும். இன்சுலின் ஊசி மிக நுண்ணியது. உணவு உண்ணும்போது போட்டால் பல பூனைகள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. நன்கு பேணப்படும் நீரிழிவுப் பூனை பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* நீரிழிவு நோய்
* இன்சுலின்
* கணையம்
* பூனை
* கால்நடை மருத்துவம்