உதிர்ந்த ஆப்பிள் மீது விழுந்த பழி

மரத்திலிருந்து பறித்த கனிக்கு உள்ள மதிப்பு மண்ணில் உதிர்ந்த கனிக்கு இல்லை. அடிபட்ட ஆப்பிள் நெடுநாள் நில்லாது. கன்றிய இடத்திலிருந்தே அழுகத் தொடங்கும். சந்தைக்கு ஆகாத அக்கனியையும் வீணாக்காமல் பயன்கொள்ள மேலைநாட்டு உழவர் கண்ட வழிகளுள் ஒன்று, அதைப் பிழிந்து, சாற்றைப் புளிக்க வைத்துச் 'சைடர்' என்னும் மதுவாக்குவது. இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள டெவன் வட்டாரம் இத்தொழிலில் பெயர் பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே உதிர்ந்த ஆப்பிளின் மீது ஒரு கொடிய பழி வந்து விழுந்தது.

இலையுதிர் காலம் வந்ததும் வீட்டுக் கொல்லைகளிலும் பண்ணைத் தோட்டங்களிலும் ஆப்பிள்கள் உதிரும். எஞ்சியவற்றைக் கழிகளால் தட்டி உதிர்ப்பர். பெண்களும் சிறுவர்களும் அவற்றைக் கூடைகளில் பொறுக்கிக் குவிப்பர். குவியல் சில நாள் கனிந்த பின், வட்டமான கல்தொட்டியில் இட்டு நசுக்குவர். நம்மவர் செக்கை மாடு சுற்றி இழுப்பது போல, அங்கே உருளைக் கல்லைக் குதிரை சுற்றி இழுக்கும். நசுங்கிய சதையை வைக்கோலுடன் அடுக்கடுக்காக வைத்து அழுத்திச் சாறு எடுப்பர். சாறு பீப்பாய்க்குப் போகும். சக்கை பன்றிக்குத் தீனியாகும். இவ்வாறு எதுவும் வீணாகாத தொழில் அது.

பண்ணைத் தொழிலாளர்க்குக் கூலியின் ஒரு பகுதி சைடராகவே அளக்கப்பட்டது. அந்த உழைப்பாளிகளிடையே ஒரு நோய் பரவியது. தாங்கொணா வயிற்றுவலியும் மலச்சிக்கலும் வாட்டும். நாளடைவில் கைகள் செயலிழந்து தொங்கும். 'டெவன் வயிற்றுவலி' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1724ஆம் ஆண்டு ஆப்பிள் மிகுதியாக விளைந்தபோது அந்நோயும் மிகுந்தது. பிளிமத் நகரில் மருத்துவராக இருந்த ஜான் ஹக்சம் அதனை ஆராய்ந்து 1739இல் ஒரு நூல் வெளியிட்டார். முதிராத ஆப்பிள் மதுவின் கடும்புளிப்பே நோய்க்குக் காரணம் என்பது அவர் முடிவு. பழி கனியின் மீதே விழுந்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. எய்தவனைத் தேடியவர் ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர். டெவனிலேயே பிறந்த அவர் எழுப்பிய வினா மிக எளியது. ஹெரிபோர்டு வட்டாரத்து மக்களும் ஆப்பிள் மதுவைத்தான் பருகுகின்றனர். அவர்களை ஏன் இந்நோய் தாக்கவில்லை? இரண்டு இடங்களின் கருவிகளையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். டெவனில் கல்தொட்டிகளின் இணைப்புகளில் ஈயம் வார்க்கப்பட்டிருந்தது. சாறு பிழியும் மேடைகள் சிலவற்றில் ஈயத்தகடு வேயப்பட்டிருந்தது. ஹெரிபோர்டிலோ அவ்வழக்கம் இல்லை. பின்னர் இருவகை மதுவையும் வேதியியல் முறையில் சோதித்தார். டெவன் மதுவில் ஈயம் வெளிப்பட்டது, மற்றதில் இல்லை. ஆப்பிளின் புளிப்பு தானாக நஞ்சன்று. அது ஈயத்தைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோதே நஞ்சாயிற்று.

இவ்வுண்மையை 1767ஆம் ஆண்டு பேக்கர் வெளியிட்டார். சொந்த மண் அவரைப் பாராட்டவில்லை. 1763இல் அரசு சைடருக்கு விதித்த வரியை எதிர்த்துப் போராடி, 1766இல் அதனை நீக்கச் செய்து, அப்போதுதான் மூச்சுவிட்டிருந்தனர் அம்மக்கள். மறு ஆண்டே தங்கள் மதுவில் நஞ்சு உண்டு என்று ஒருவர் சொன்னால் பொறுப்பார்களா? அவரை மறுத்து எழுதியவர்களுள் சமயகுருமாரும் இருந்தனர். ஆயினும் சிறுகச் சிறுக ஈயம் ஆலைகளிலிருந்து அகன்றது, நோயும் குறைந்தது. ஆப்பிள் மாறவில்லை, உதிர்வதும் பொறுக்குவதும் மாறவில்லை. கருவி ஒன்றே மாறியது.

கூலியாக மதுவை அளக்கும் வழக்கமோ இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. உழவுத் தொழிலாளர்க்குக் கூலியின் பகுதியாகப் போதை தரும் பானம் கொடுப்பதை 1887ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஈயம் ஒரு கேடு. உழைத்தவனுக்குக் காசுக்குப் பதில் மதுவை நீட்டியது மற்றொரு கேடு. முன்னதை ஒரு மருத்துவரின் ஒப்பீடு வெளிப்படுத்தியது. பின்னதை நீக்கச் சட்டமே தேவைப்பட்டது.

ஏழையின் கைக்கு எட்டிய பண்டத்தின் மீதும், அதை உண்ணும் ஏழையின் மீதும் பழி போடுவது எளிது. அந்தப் பண்டம் அவன் கைக்கு வந்து சேர்ந்த வழியை ஆராய்வதே அரிது. பேக்கர் அந்த அரிய செயலைச் செய்தார். உதிர்ந்த கனி குற்றமற்றது என்பதை உலகம் அறிந்தது அதனால்தான்.