காளான் பவளம் (டிஸ்கோசோமா)

மங்கிய ஒளியுள்ள வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் முதன்முதலாக வளர்க்க ஏற்ற மென்னுடல் உயிரி. கல்பவளங்களுக்கு நெருங்கிய உறவு. ஆனால் சுண்ணாம்புக் கூடு கட்டுவதில்லை. ஆகவே நீரில் கால்சியம் சற்றே ஏறி இறங்கினாலும் தாங்கும். உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் தரும் உணவே இதற்குப் பேராதாரம். அப்பாசிகளுக்குப் பார் (PAR) எனப்படும் ஒளிச்சேர்க்கைக்குரிய ஒளியளவில் 50 முதல் 100 போதும். அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்கு 200க்கு மேல் வேண்டும். நிறத்தில் மயங்கி அவற்றை இத்தகைய தொட்டியில் இடுவது கொடுமை. ஒளி மிகுந்தால் காளான் பவளம் சுருங்கி வெளிறும். குறைந்தால் உடலை நீட்டி வெளிச்சத்தைத் தேடும். வெப்பநிலை 24–26 பாகை செல்சியஸ், மெதுவான நீரோட்டம் நன்று. அடிப்பாதத்திலிருந்து பிய்ந்த துண்டு தனி உயிராக வளர்வதால், கடலிலிருந்து பெயர்க்காமல் வளர்ப்பவர்களிடமே துண்டு பெறலாம். உடன் வைக்கப்படும் ஸோவாந்திட் எனும் மென்னுடல் உயிரினங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் எனும் கொடிய நஞ்சுண்டு. கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் இன்றி அவற்றை வெட்டலாகாது.