காற்றிலிருந்து வெடிமருந்து: முதலாம் உலக மகாயுத்த கால ஜேர்மனியில் இரசாயனத் தொழிலும் அரசியல் அதிகாரமும்

முதலாம் உலக மகாயுத்தத்தில் ஜேர்மனி ஏன் தோற்றது என்பது பற்றிப் பல நூல்கள் எழுதப்பட்டுள்ளன. 1915ஆம் ஆண்டிலேயே அது ஏன் தோற்றுவிடவில்லை என்ற வினா அந்த அளவிற்கு எழுப்பப்படுவதில்லை. அந்நாட்டின் தொழில்நுட்பமும் படைத்துறையும் அரசியலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மாறிய வரலாறு இவ்வினாவிற்கான விடையிலேயே அடங்கியுள்ளதென நாம் கருதுகின்றோம்.

ஜேர்மன் படைத்தலைமை வகுத்திருந்தது குறுகிய காலப் போருக்கான திட்டமாகும். சில வாரங்களில் பிரான்சை வீழ்த்திவிட்டுப் பின்னர் ருசியாவை நோக்கித் திரும்புவதே அதன் சாரம். 1914 செப்தெம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் அத்திட்டம் முறிந்தது. அகழிகளில் நிலைகொண்ட போர் எறிகணைகளை எவரும் எதிர்பாராத அளவில் விழுங்கத் தொடங்கியது. வெடிமருந்துக்கு நைத்திரிக்கமிலம் வேண்டும். அதற்கான மூலப்பொருளோ தென்னமெரிக்கச் சிலியிலிருந்து கப்பலில் வந்த வெடியுப்பு. பிரித்தானியக் கடற்படை அவ்வழியை அடைத்துவிட்டது. ஒரு பேரரசின் இராணுவ வலிமை, அதன் எல்லைக்கு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த ஒரு பாலைவன உப்பில் தங்கியிருந்தமை அப்போதுதான் ஆளுவோருக்கு உறைத்தது.

எனினும், மாற்றுவழியொன்று அந்நாட்டில் ஏலவே இருந்தது. வளியிலுள்ள நைதரசனை ஐதரசனுடன் இணைத்து அமோனியா ஆக்கலாம் என்பதை பிரிட்ஸ் ஹாபர் 1909இல் காள்ஸ்றூகே நகரின் ஆய்வுகூடத்தில் செய்துகாட்டினார். ஆய்வுகூடத்தில் துளித்துளியாகப் பெற்றதைத் தொழிற்சாலையில் தொன்கணக்கில் பெறுவது வேறு விடயம். வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ இருநூறு மடங்கினையும் உயர்ந்த வெப்பத்தையும் தாங்கவேண்டிய உருக்குக் கலங்கள் வெடித்துச் சிதறின. ஐதரசன் உருக்கினுள் ஊடுருவி அதன் காபனை அரித்துவிடுவதைக் கண்ட காள் பொஷ், உட்புறத்தே மென்னிரும்பு உறையும் வெளிப்புறத்தே துளைகளிட்ட உருக்குச் சுவரும் கொண்ட கலத்தை அமைத்தார். அல்வின் மித்தாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகளின் பின் மலிவான இரும்பு ஊக்கியைக் கண்டறிந்தார். 1913 செப்தெம்பரில் ஒப்பாவ் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதன் நோக்கம் உரம். பாடன் அனிலின் கம்பனியே இதனை நடத்தியது. 1897இல் செயற்கை நீலச்சாயத்தைச் சந்தைக்கு விட்டு, இந்திய அவுரிச் செய்கையை வீழ்த்திய அதே கம்பனி. விஞ்ஞான வளர்ச்சிக்குப் போரே தாய் என்போர் இவ்வாண்டுகளைக் கவனிப்பது நல்லது. செய்முறை போருக்கு முன்னரே தயாராகிவிட்டது. அது யாருக்குப் பயன்படவேண்டும் என்பதையே போர் தீர்மானித்தது.

1914 ஆகஸ்டில் பிரசிய யுத்த அமைச்சில் யுத்த மூலப்பொருட் பகுதி நிறுவப்பட்டது. அதனைத் தலைமையேற்று நடத்தியவர், ஏ.ஈ.ஜி. மின்சாரக் கம்பனியைச் சேர்ந்த வால்டர் ராதெனாவ் எனும் தொழிலதிபர். அரசு யந்திரமும் ஏகபோக மூலதனமும் ஒரே மேசையில் அமர்ந்த காட்சி இது. கம்பனி அமோனியாவை நைத்திரிக்கமிலமாக்கித் தர உடன்பட்டது. 1915இல் ஒப்பாவ் அதனை உற்பத்தி செய்தது. சிலி வெடியுப்பு இன்றியே பீரங்கிகள் தொடர்ந்து முழங்கின. ஹாபரோ நச்சுவாயுப் போரின் அமைப்பாளரானார். 1915 ஏப்ரல் 22இல் ஈப்ர நகரருகே குளோரீன் திறந்துவிடப்பட்டது.

1916 ஆகஸ்டில் ஹிண்டன்பேர்க்கும் லூடென்டோர்ப்பும் படைத்தலைமையை ஏற்றதும், அதிகாரம் பாராளுமன்றத்திடமிருந்து மட்டுமன்றிச் சக்கரவர்த்தியிடமிருந்தும் நழுவத் தொடங்கியது எனலாம். வெடிமருந்து உற்பத்தியை இரட்டிப்பாக்கவும் பீரங்கி, இயந்திரத் துப்பாக்கி உற்பத்தியை மும்மடங்காக்கவும் அவர்கள் ஆணையிட்டனர். 1916 திசெம்பரில் நிறைவேறிய துணைச்சேவைச் சட்டம் 17 முதல் 60 வயது வரையிலான ஆண்களைப் போர்க்கால உழைப்பிற்கு உட்படுத்தியது. எனினும் தொழிலாளரின் இசைவின்றி இதனை நடத்தவியலாது என்பதை இராணுவம் உணர்ந்திருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் தொழிலாளர் குழுக்கள் அமைக்கப்படவேண்டும் என்று அச்சட்டமே கூறிற்று. கட்டாய உழைப்புச் சட்டமே தொழிற்சங்கங்களை ஆலைக்குள் அழைத்துவந்தமை அக்கால முரண்பாடுகளுள் ஒன்று.

வயலுக்கென வகுக்கப்பட்ட நைதரசன் எறிகணைக்குச் சென்றது. உழவரும் குதிரைகளும் போர்முனைக்குச் சென்றுவிட்டமை, கடல்முற்றுகை, 1916இன் உருளைக்கிழங்கு விளைச்சற் சேதம் ஆகியனவும் பஞ்சத்திற்குக் காரணங்களே. உரக் குறைவை மாத்திரம் கூறுதல் பொருந்தாது. ஆயினும், முற்றுகையைப் பகைவன் விதித்தான். உரத்தை வெடிமருந்தாக்கும் முடிவோ பேர்லினில் எடுக்கப்பட்டது. அந்த மாரியில் நகரத் தொழிலாளர் குடும்பங்கள் கால்நடைத் தீனியான டேர்னிப் கிழங்கைத் தின்றே உயிர்வாழ்ந்தன.

1917 ஏப்ரல் மாதத்தை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். 6ஆம் திகதி அமெரிக்கா போரில் நுழைந்தது. போர் முடிந்ததும் பிரசியாவின் வாக்குரிமை சீர்திருத்தப்படும் என 7ஆம் திகதி சக்கரவர்த்தி வாக்களித்தார்; வரி செலுத்தும் அளவுக்கேற்ப வாக்காளரை மூன்று வகுப்பினராகப் பிரித்த முறை அது. அதே நாட்களில் கோத்தா நகரில் போரை எதிர்த்தோர் சமூக சனநாயகக் கட்சியினின்று பிரிந்து சுதந்திரக் கட்சியை அமைத்தனர். பாண் பங்கீடு குறைக்கப்பட்டதும் பேர்லினிலும் லைப்சிக்கிலும் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். லைப்சிக்கிலே பாணுடன் சமாதானமும் வாக்குரிமையும் கோரப்பட்டன. அந்நகருக்கு அண்மையில், அரசின் நிதியுதவியுடன் பதினொரு மாதங்களுக்குள் கட்டியெழுப்பப்பட்ட லொய்னா அமோனியாத் தொழிற்சாலை தன் உற்பத்தியைத் தொடங்கியதும் அதே ஏப்ரலில்தான். ஆளும் வர்க்கம் மக்களுக்கு அளிக்க மறுத்த அரசியல் தீர்வை, நைதரசன் மேலும் பத்தொன்பது மாதங்களுக்கு ஒத்திவைக்க உதவிற்று.

1918 நவெம்பரில் கீல் துறைமுகக் கடற்படையினரின் கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. 9ஆம் திகதி முடியாட்சி வீழ்ந்தது. 15ஆம் திகதி தொழிலதிபர்கள் சங்கங்களுடன் உடன்படிக்கை செய்து எட்டு மணிநேர வேலைநாளை ஏற்றனர். ஆலைகள் அவர்கள் கையிலேயே இருந்தன. ஹாபருக்கு 1918ஆம் ஆண்டிற்குரிய நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

1921 மார்ச்சில் லொய்னாத் தொழிலாளர் ஆலையைக் கைப்பற்றினர். அரச படைகள் பீரங்கிகொண்டு அதனை மீட்டன. அவ்வாண்டு செப்தெம்பர் 21இல் ஒப்பாவில், இறுகிக் கிடந்த உரக்குவியலை வழமைபோல் சிறு வெடிவைத்துத் தளர்த்த முனைந்தபோது குவியலே வெடித்தது. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் காலை வேலைக்கு வந்திருந்த தொழிலாளரும் அயலில் வாழ்ந்தோருமாவர்.