வேடந்தாங்கல் ஏரியும் ஊரார் காவலும்

தொண்டை மண்டலம் ஏரிகளால் வாழும் நாடு. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லாத அந்நிலத்தில், பருவமழையைக் கரையிட்டுத் தேக்கிப் பயன்கொள்ளும் முறையே உழவுக்கு அடிப்படையாயிற்று. அந்நாட்டு ஏரிகளுள் வேடந்தாங்கல் ஏரி அளவாற் பெரியதன்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உடையது. அதே வட்டத்திலுள்ள மதுராந்தகத்துப் பேரேரியை நோக்க, அதனைக் குட்டை என்று கூறினும் குற்றமாகாது. ஆயினும் நீர்ப்பறவைகள் கூடிக் குஞ்சு பொரிக்கும் இடம் என்ற வகையில் அதன் புகழ் பெரிது. அப்புகழின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அரசாணைகளை ஆண்டு முறையில் அடுக்கி, அவற்றையே காவலின் வரலாறாகக் கொள்கின்றனர். இம்முறை பொருந்துவதன்று என்பது எம் கருத்து. ஆணைகளுக்கு முற்பட்ட காவல் ஒன்று இருந்தது என்பதற்கும், அஃது உழவோடு பிரிக்கலாகாத வகையிற் பிணைந்திருந்தது என்பதற்கும் அவ்வாணைகளே சான்று பகர்தலை ஈண்டுக் காண்போம்.

முதற்கண் ஊர்ப்பெயரை நோக்குவோம். வேடர் தங்கிய இடமாதலின் வேடந்தாங்கல் ஆயிற்று என்பர் சிலர். இவ்விளக்கம் செவிக்கு இனிதாயினும் சொல்லமைதிக்கு ஏலாது. தாங்கல் வேறு, தங்கல் வேறு. நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரியைத் தாங்கல் என்று வழங்குதல் தொண்டை மண்டலத்து வழக்கு. சென்னையை அடுத்த ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய பெயர்கள் இதனை வலியுறுத்தும். ஆகவே வேடந்தாங்கல் என்பது முதலில் ஏரியின் பெயராய் நின்று, பின்னர் ஊருக்கு ஆகிவந்தது எனக் கோடலே தகும். பெயரின் முற்பகுதி வேட்டையை நினைவூட்டுகின்றது. நிலக்கிழார் சிலர் முற்காலத்தில் இங்கு வேட்டையாடினர் என்ற செய்தியும் வழங்குகின்றது. பெயரை மட்டும் கொண்டு அதனைத் துணிதல் சாலாது. ஆயினும், வேட்டையைப் பெயரிற் சுமந்த ஓர் ஏரி வேட்டை விலக்கிய ஏரியாய் மாறியமை எண்ணத்தக்கது.

இனி, ஏரிக்கும் பறவைக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பு. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பிய பின்னர்ப் பறவைகள் வந்து கூடுகின்றன. நீரில் நின்று வளரும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் அவை கூடு கட்டும். மரத்தைச் சுற்றி நிற்கும் நீரே கூட்டுக்கு அகழியாகும். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா எனப் பல இனங்கள் ஈண்டு உள. (இப்பெயர்களின் ஆக்கம் தனியே ஆராயத்தக்கது. நத்தைக்குத்தி என்பது இரையையும் அதனை உண்ணும் முறையையும் ஒருங்கே உணர்த்துகின்றது. இதனை ஏட்டுப் புலவன் படைத்திரான், வரப்பில் நின்று கண்டவனே படைத்திருப்பான்.) பகலில் இரை தேடுவன விடியலில் வெளியேறி அந்தியில் மீளும், வக்காவோ அந்தியிற் சென்று விடியலில் மீளும். ஆதலின் இரவும் பகலும் ஏரியில் எச்சம் விழுந்துகொண்டேயிருக்கும். அவ்வெச்சம் கலந்த நீர் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிக்கது. மதகு திறந்து அந்நீரை வயலுக்குப் பாய்ச்சும்போது பாசனமும் எருவிடுதலும் ஒரே செயலாகின்றன. சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் தின்ற பறவைகள், அப்பரந்த நிலத்தின் வளத்தை ஒரு சிற்றேரியிற் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பது இதன் உட்பொருள்.

இந்நன்மையை உணர்ந்த ஊரார் பறவைகளைப் பிறர் கொல்லாவண்ணம் காத்துவந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்காவலுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. கும்பினியின் படைவீரர்கள் ஏரியிற் பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் சென்று மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர் என்றும் கூறுவர். அப்பொழுது ஆட்சியராய் இருந்தவர் லயனல் பிளேஸ். இவர் 1794 முதல் 1798 வரை அப்பதவி வகித்தவர். மதுராந்தகம் ஏரியின் கரையைச் செப்பனிட்டமையால் ‘ஏரி காத்த இராமர்’ கதையிலும் இடம்பெற்றவர். ஊராரின் உரிமையை ஏற்று இவர் கவுல் ஒன்று வழங்கினார். அதன் ஆண்டினை 1796 என்பாரும் 1798 என்பாரும் உளர்.

கவுல் என்னும் சொல்லை இங்கு நின்று நோக்குதல் வேண்டும். அரபு மொழியில் ‘சொல்’ எனப் பொருள்படும் கௌல் என்பதே தமிழிற் கவுல் ஆயிற்று. வரி வாங்கும் அரசு குடிகளுக்கு எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியே கவுல், கொடையன்று. இல்லாத உரிமையை அரசு புதிதாக அளித்ததாகக் கொள்ளின், ஊரார் எதனைக் காட்டி முறையிட்டனர் என்ற வினாவுக்கு விடையில்லை. முன்பே கைக்கொண்டிருந்த வழக்கினைப் பிறர் மீறியதனாலேயே அவர்கள் ஆட்சியரை நாடினர். மீறுவார் இல்லாதவரை அவ்வழக்கிற்கு எழுத்து வேண்டப்படவில்லை. இத்தகைய முறையீடு பிளேசின் செவியில் ஏறியதும் வியப்பன்று. செங்கற்பட்டுப் பகுதியின் மிராசு உரிமையை விரிவாக ஆராய்ந்து 1799-இல் அறிக்கை அளித்தவர் அவர். ஊர்வழக்கினை உரிமையெனக் காணும் கண் அவருக்கு இருந்தது.

இக்காவலைச் சோழர் காலத்து ஊராட்சியோடு நேரே இணைத்துப் பெருமை பேசுதல் சிலர்க்கு எளிதாகத் தோன்றலாம். அண்மையிலுள்ள உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தமையும் அவற்றால் விளங்கும். ஆனால் உத்தரமேரூர் பிரமதேயம். அதன் சபையின் ஆட்சி அவ்வூர் அளவிலேயே நின்றது. இடைப்பட்ட எண்ணூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளை ஒரே தாவலிற் கடப்பது ஆராய்ச்சியாகாது. ஏரியைப் பொதுப்பொருளாகக் கருதி முறைவைத்துப் பேணும் பழக்கம் அந்நிலத்திற்குப் புதிதன்று என்ற அளவிலேயே அக்கல்வெட்டுகள் நமக்குத் துணையாவன.

எருவின் பயன் ஒன்றே காவலுக்குக் காரணம் என்னும் கொள்கையையும் யாம் முழுதும் ஏற்கிலேம். ஊரார் என்பது ஒரே நிறையினரைக் குறிக்கும் சொல்லன்று. நிலவுரிமை மிராசுதாரர் கையில் இருந்தது. உழுதும் நட்டும் அறுத்தும் உழைத்தோருட் பலர் நிலமற்றவர். வளமான நீரின் பயன் முதலில் நிலமுடையார்க்கே சென்றது. வறியவர்க்கோ கூட்டிலுள்ள முட்டையும் குஞ்சும் கைக்கெட்டும் உணவு. அவ்வுணவை அவர்களும் தீண்டாது விட்டாலன்றிப் பறவைக்குடி ஈராண்டும் நிலைத்திராது. இவ்விலக்கினை நிலமுடையாரின் அதிகாரம் எனக் கொள்வதா, யாவர்க்கும் பொதுவான பரிவு எனக் கொள்வதா என்பது ஆராயத்தக்கது. இரண்டும் விரவியே இருந்திருக்கும் என்பது எம் துணிபு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் ஏரியில் மட்டுமன்றி ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அங்கு அவற்றின் வரவை நற்குறியாகக் கருதுகின்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை அடுத்த ஊரார், பறவைகள் வெருளாமைப் பொருட்டுத் தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதில்லை. சிறுவரும் உடன்பட்டாலன்றி இது நடவாது. எருக்கணக்கால் மட்டும் இவற்றை விளக்குதல் அரிது.

பிற்கால ஆணைகளைச் சுருங்கக் கூறுவோம். 1858-இல் செங்கற்பட்டு ஆட்சியர் ஏரியின் காவலை மீண்டும் உறுதிசெய்தார். 1860-களில் ஜான் ஷார்ட் என்னும் மருத்துவர் இப்பறவைக்குடியைப் பற்றி இலண்டன் லின்னியன் கழக இதழில் எழுத, அயல்நாட்டு அறிஞரும் இதனை அறிந்தனர். 1936-இல் ஏரி பறவைப் புகலிடமாக ஏற்கப்பட்டது. 1962-இல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் வந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1998-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆணைதோறும் காவலின் பொறுப்பு ஊரிலிருந்து துறைக்கு நகர்ந்தமை வெளிப்படை. கவுலில் ஊரார் உரிமையாளர். சரணாலய அறிவிப்பில் அவர்கள் அக்கம்பக்கத்தார்.

ஆயினும் 1998-ஆம் ஆண்டு அறிவிப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஏரியை மட்டுமன்றி அதனைச் சூழ்ந்த 5 கிலோமீட்டர் வட்டத்தையும் அது சரணாலயமாகக் கொண்டது. பறவை உறங்கும் மரம் ஓரிடத்தும் உண்ணும் வயல் வேறிடத்தும் இருத்தலை அறிந்து வகுத்த எல்லை இது. 2020-இல் இவ்வட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தது; எதிர்ப்புகளுக்குப் பின்னர்க் கைவிடப்பட்டது. அம்முன்மொழிவில் ஏரி தொடப்படவில்லை என்று அமைதி கூறியோர் உளர். ஏரி தொடப்படாமலே பறவை பட்டினி கிடக்கலாம் என்பதை அவர்கள் எண்ணிற்றிலர். நத்தைக்குத்திக்கு வேண்டுவது நத்தை. நத்தைக்கு வேண்டுவது நஞ்சு கலவாத நன்செய். அந்நன்செய்களை உழுவோருட் பெரும்பாலார் வேடந்தாங்கல் ஏரியின் நீரைப் பெறாதவர். எச்சத்தின் வளம் அவர்கள் வயலுக்கு வருவதில்லை. அவர்களுக்குப் பிளேசின் கவுலும் இல்லை. சட்டத்தின் கட்டுப்பாடு மட்டும் உண்டு.